சரியான தேதி போட்ட பேட்ஜ்

குடையக்காவிடம் குடையைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்கள், குடையோடு சேர்த்துக் கொஞ்சம் திட்டும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். "இது குடையா, இல்ல மாடு மேய்க்கிற குச்சியா? இப்படி ஊனி ஊனி நடந்தா கம்பி என்ன பண்ணும் பாவம்?" என்பாள். வாய் திட்டிக்கொண்டே இருக்கும். கை வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் தலைநிமிர நேரம் கிடைக்காது. வெயில் காலத்தில் பள்ளிப்பை, கைப்பை, பெட்டிப் பூட்டு, ஜிப் என்று ஏதாவது வரும். கடை என்று பேர்தானே தவிர, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகரம் போட்டு மூடிய ஓர் இடுக்கு அது. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். இன்னோர் ஆள் வந்தால் தெருவில் நின்றுதான் பேச வேண்டும்.

அந்த இடுக்கு அவள் கணவனுடையது. கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்று வேடிக்கை பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பழகியதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். அவன் இடதுகைக்காரன். முறிந்த குடைக்கம்பிக்கு ஒட்டுக் கொடுத்து, மெல்லிய பித்தளைக் கம்பியால் இறுக்கிச் சுற்றுவான். மற்றவர்கள் சுற்றுகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கமாக அவன் சுற்று போகும். முடிக்கும்போது நுனியை வெட்டிவிட மாட்டான். அதை வளைத்துக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகி, குறடால் ஓர் அழுத்து அழுத்துவான். அப்புறம் விரலால் தடவிப் பார்த்தாலும் நுனி எங்கே போனது என்று தெரியாது.

"வெட்டிட்டுப் போனா வேலை சீக்கிரம் முடியுமே" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"வெட்டின நுனி கையைக் கிழிக்கும். வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல குழந்தை இருக்கும்ல" என்றான்.

அவன் போன பிறகு அவன் கட்டிய பழைய குடைகள் எப்போதாவது கடைக்குத் திரும்பி வரும். தெருவில் போகிறவர்களைக்கூட நிறுத்திக் காட்டுவாள். "இது எங்க வீட்டுக்காரர் போட்ட கட்டு. மனுசன் போய் இத்தனை வருசமாச்சு, கட்டு அசைஞ்சிருக்கா பாருங்க." குடைக்குச் சொந்தக்காரர் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் தவிப்பார். அதையெல்லாம் அவள் லட்சியம் செய்வதில்லை. அந்தக் கட்டை அவிழ்க்காமல் பக்கத்திலேயே வேறொரு கட்டுப் போட்டுக் கொடுப்பாள். அவளைப் பொறுத்தவரை அவன் மண்ணுக்கு மேலே விட்டுப்போனது இந்தக் கட்டுகளும் ஒரு மகளும்தான்.

அவன் போனது கட்சி நடத்திய பெரிய கூட்டத்துக்கு. விலைவாசியைக் கண்டித்து நகரத்துப் பெரிய திடலில் நடந்தது. காலையில் கடையைத் திறக்காமல், தவழ்ந்துகொண்டிருந்த மகளைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் வந்துடறேன்" என்று கிளம்பினான். மத்தியானம் துப்பாக்கிச் சூடு. சாயங்காலம் ஊரே அடைத்துக் கிடந்தது. மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருத்துவமனை, காவல் நிலையம், திடல் என்று அலைந்தாள். திடலில் செருப்புகளைக் கூட்டிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலைக் கிளறிக் கிளறி அவன் செருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத உடல்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு காவலர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரிடமும் கேட்க வழியில்லை.

அழுகிறவளை அழக்கூட விடவில்லை புகுந்த வீடு. கணவனின் அண்ணன் ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்: "செத்தெல்லாம் போயிருக்க மாட்டான். சந்தர்ப்பம் பார்த்துக் கம்பி நீட்டியிருப்பான். இவ வாயை எவன் தாங்குவான்?"

அவள் வாய் அன்றைக்கு அடைத்துப்போனது. பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. உள்ளுக்குள் எங்கேயோ அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின வாரம்கூட, விளக்குக்கு எண்ணெய் வாங்க மறந்ததற்காக அவனை வறுத்து எடுத்திருந்தாள். வெறும் எண்ணெய்க்காக.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பேச்சைச் சுமந்தாள். அப்புறம்தான் மைக்செட்காரர் வந்தார். கட்சிக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர், கணவனின் சிநேகிதர். வாசலிலேயே நின்று, காகிதத்தில் மடித்த ஒன்றை நீட்டினார். வட்டமான தகர பேட்ஜ். நீலப் பூச்சில் வெள்ளைக் கைவிளக்கு, அதன் கீழே துப்பாக்கிச் சூடு நடந்த தேதி. "திடலுக்கு எதிர்த்த கடைக்காரர் கூட்டும்போது எடுத்து வெச்சிருந்தாரு. உங்க வீட்டுக்காரரோடதா இருக்கும்னு தோணுச்சு" என்றார். அவள் அதைப் பின்பக்கம் திருப்பினாள். ஊசி தளர்ந்த இடத்தில் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. இடதுகைச் சுற்று. நுனி உள்ளே செருகி அழுத்தியிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து, ஒரு வருடத்து அழுகையை மொத்தமாக அழுதாள்.

மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கணவனின் அண்ணன் முன்னால் மேசையில் வைத்தாள். "கம்பி நீட்டினாரா? எந்தக் கம்பின்னு நல்லா பாருங்க" என்றாள். அவர் பார்த்தார். தம்பியின் கைவேலை அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வாய்தான் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

இவ்வளவையும் சுமந்த அந்தத் தகரத்துண்டைக் குடையக்கா எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், வருடத்தில் அந்த ஒருநாள் மட்டும் அதை அவள் சட்டையில் குத்தி அனுப்புவாள். சாயங்காலம் திடலில் இறந்தவர்களின் குடும்பங்கள் கூடி நிற்கும்போது, மகனைப் பறிகொடுத்த ரொட்டிக்கடை அம்மாவின் பக்கத்தில் குடையக்கா போய் நிற்பாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது திடலில் கல்சுவர் ஒன்று எழுப்பி, இறந்தவர்களின் பெயர்களைப் பொறிக்கிறார்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயரும் சேரும், ஆனால் அன்றைக்கு அங்கே இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றது சுவர் எழுப்பும் குழு. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். "அம்மா, நம்மகிட்டதான் பேட்ஜ் இருக்கே. பேட்ஜ்காரர்கிட்ட காட்டி, அன்னைக்குக் கூட்டத்துக்கு அடிச்சதுதான்னு அவர் சொல்லிட்டா போதும். அப்பா பேரு கல்லுல வரும்மா." பெயரைத் தவிர அப்பாவிடமிருந்து வேறொன்றும் பெறாதவள் அவள். அந்தப் பெயரைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள்.

பேட்ஜ்காரர் கடை பழைய அச்சகத் தெருவில் இருந்தது. கேடயம், பதக்கம், பள்ளிக்கூட மாணவர் தலைவருக்கு வில்லை என்று எல்லாம் அடிப்பவர். அந்தக் காலத்தில் கட்சிக்கு பேட்ஜ் அடித்துக் கொடுத்தவரும் அவரே. கடைக்குள் பெயிண்ட் நாற்றம் மூக்கைத் துளைத்தது. குடையக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து பேட்ஜை மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னங்கய்யா, உங்க கைவேலை உங்களுக்கே தெரியலையா?"

"தெரியுதும்மா. நான் அடிச்சதுதான். ஆனா கூட்டத்துக்கு அடிச்சது இல்ல."

"தேதி போட்டிருக்கே. சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கிறதுதாம்மா சிக்கலே." அவர் எழுந்து போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து, உள்ளிருந்து ஒரு பேட்ஜை எடுத்து அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அதே நீலம், அதே விளக்கு. தேதியில் மட்டும் ஒரு நாள் குறைவு. "கூட்டம் முதல்ல சனிக்கிழமைன்னுதான் இருந்துச்சு. போலீஸ் அனுமதி தரலை. கடைசி நேரத்துல ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப் போச்சு. அதுக்குள்ள நான் மொத்தத்தையும் சனிக்கிழமைத் தேதி போட்டு அடிச்சுக் குடுத்துட்டேன். அதையேதான் திடல் வாசல்ல எல்லாருக்கும் குத்தி விட்டாங்க."

அவளுக்கும் நினைவு வந்தது. சனிக்கிழமை கிளம்பிப் போனவன், கூட்டம் தள்ளிப்போச்சு என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். "நல்ல கட்சி, நல்ல கூட்டம்" என்று அவள் கேலிகூடச் செய்தாள்.

"அப்புறம் போலீஸ் வீடு வீடாத் தேடுச்சா, பேட்ஜ் வெச்சிருந்தவங்க எல்லாம் கிணத்துல போட்டாங்க, சாக்கடையில போட்டாங்க. அதான் யாருக்கும் இது ஞாபகமில்ல. உங்ககிட்ட இருக்கிறது மறுவருசம் அடிச்சது. முதல் வருச நினைவுக் கூட்டத்தை இந்த ஊர்ல நடத்த விடலை, துறைமுக ஊர்ல நடத்தினாங்க. செத்த நாளைப் போட்டு அடிங்கன்னாங்க. நான்தான் பெட்டி கட்டி அனுப்பினேன். இங்க ஒண்ணுகூடக் குடுக்கலை."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அதனால என்ன? யாரோட பேட்ஜோ உங்க கைக்கு மாறி வந்திருக்கு. அவ்வளவுதான் அர்த்தம். அவர் அங்க சாகலைன்னு ஆயிடாதும்மா."

அவள் தப்பித்துக்கொள்ள அவர் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார். பேசாமல் அதன் வழியே வெளியே வந்திருக்கலாம். ஆனால் குடையக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரோடதோவா? இது அவரோடதுதான். பின்னாடி திருப்பிப் பாருங்க. இந்தச் சுத்து எந்தப் பக்கம் போகுது? இடதுகைக்காரன் சுத்தினது. நுனி எங்க இருக்குன்னு தடவிக் கண்டுபிடிங்க பார்ப்போம். இந்த ஊர்ல இப்படிக் கட்டுறதுக்கு வேற ஆளே கிடையாது. அவரு கையாலதான் இதைக்..."

அங்கே நின்றுவிட்டாள்.

பேட்ஜ்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அம்மா" என்றார் மெதுவாக. "அன்னைக்கு அடிச்சதுதான்னு நான் குழுவில சொல்லிடறேன். என்னை மறுத்துப் பேச ஆள் இல்ல. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் ரொட்டிக்கடை அம்மாவின் கையை நினைத்தாள். எத்தனை வருடங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் நானும் ஒன்று என்று நின்றிருக்கிறாள். "வேணாங்கய்யா" என்றாள். "அந்தச் சுவத்துல செத்தவங்க பேரு இருக்கு." பேட்ஜை எடுத்து முடிந்துகொண்டாள்.

மைக்செட்காரர் இப்போது தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, கொட்டகையில் துருப்பிடித்த ஒலிபெருக்கிக் குழாய்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காது மந்தம். குடையக்கா வருவதைப் பார்த்ததும் சிரித்தார். அவள் உள்ளங்கையை விரித்து பேட்ஜைக் காட்டியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"துறைமுக ஊருன்னு பேட்ஜ்காரர் சொல்லிட்டாரு. மீதியை நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள். அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இதைப் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் மறைக்கவில்லை. மறைத்து மறைத்துக் களைத்துப்போன மனிதர். நினைவுக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டப் போன இடத்தில், கூட்டத்தின் ஓரத்தில் அவனைப் பார்த்திருக்கிறார். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது அவனும் நின்றிருக்கிறான்.

"நான் போய் சட்டையைப் பிடிச்சேம்மா. அடிச்சேன்கூட. சுட ஆரம்பிச்சதும் ஓடினேன், கிடைச்ச லாரியில ஏறினேன், எங்கயோ இறங்கினேன்னான். நாளைக்குத் திரும்பலாம், நாளைக்குத் திரும்பலாம்னே நாள் போயிடுச்சாம். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்பறதுன்னு அழுதான்."

"வேற யாராவது..."

"இல்லம்மா. அப்படி இருந்திருந்தா நான் இதை வாங்கிட்டே வந்திருக்க மாட்டேன்."

அடுத்த கேள்வியை அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அதை வாழ்நாளெல்லாம் வைத்திருந்தவள்.

"என் வாயாலயாண்ணே?"

அவருக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். அவள் இன்னொரு தரம், இன்னும் சத்தமாக, "என் வாய் தாங்காமத்தான் போனாரா?" என்று கேட்டாள். கொட்டகைக்கு வெளியே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேச்சே. உன்னைப் பத்தி ஒரு குறை சொல்லலை. திட்டறதுக்கு ஆளில்லாம நாள் நகரலைன்னுதான் சொன்னான்."

"அப்ப வந்திருக்கலாமே" என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது. "வந்திருந்தா திட்டியிருப்பேனே. வாசல்லயே நிக்க வெச்சு நாறடிச்சிருப்பேன். அப்புறம் சோறு போட்டிருப்பேன்ல."

மைக்செட்காரர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல உன்னை என்னல்லாம் பேசுறாங்கன்னு அவன்கிட்ட சொன்னேன். அப்புறம் சட்டையில இருந்து இதைக் கழட்டினான். இதுல அந்தத் தேதி இருக்கு, இதைக் குடுத்து நான் திடல்லயே செத்துட்டேன்னு சொல்லிடு, அவளுக்கு அது மரியாதைன்னான். நானும் அந்த நேரத்துக்கு அதுதான் சரின்னு நினைச்சேம்மா. தப்புத்தான்."

"இந்தக் கட்டு?"

"குடுக்கறப்ப ஊசி ஆடுச்சு. இருன்னு சொல்லிட்டு, மேடைக்குப் பின்னாடி என் ஒயர் பெட்டியில இருந்து பித்தளைக் கம்பியை எடுத்தான். உக்காந்து பொறுமையா சுத்தினான். வண்டிக்கு நேரமாச்சு, விடுடான்னேன். வீட்டுல பாப்பா இருக்கு, குத்திடும்னான்."

அதன் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை. வழியில் யார் யாரோ குடையைப் பற்றிக் கேட்டார்கள். யாரையும் திட்டாமல் வந்தாள். ஒரு மனிதன் ஓடிப்போகட்டும், கோபப்பட்டு ஆறிக்கொள்ளலாம். செத்துப்போகட்டும், அழுது ஆறிக்கொள்ளலாம். போகிறவன் பிள்ளைக்குக் குத்திவிடுமே என்று நுனியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனால் அதை என்ன செய்வது? அவன் சாகவில்லை என்பதுகூட அவளை அவ்வளவு வதைக்கவில்லை. அவனுக்குப் பாசம் இருந்தது, இருந்தும் வரவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மகள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "என்னம்மா சொன்னாரு? அன்னைக்கு அடிச்சதுதானே?"

மறைத்துவிடலாமா என்று குடையக்கா நினைக்காமல் இல்லை. ஆனால் மறைத்து வைத்தவர்களின் முகத்தை இன்றைக்குத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உட்கார வைத்து, எதையும் விடாமல் சொன்னாள். சனிக்கிழமைத் தேதி, துறைமுக ஊர், லாரி, மேடைக்குப் பின்னால் சுற்றிய கம்பி. மகள் கத்துவாள், பேட்ஜை விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தாள். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

மகள் பேட்ஜை எடுத்துப் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பா உயிரோட இருக்காராம்மா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் பேட்ஜைக் குத்திக்கொண்டு கண்ணாடிமுன் நிற்பாளே, அந்த முகம் வந்திருந்தது. குடையக்கா வாயைத் திறந்தாள். ஏன் போனார், யாரோடு போனார், என் வாயா காரணம் என்று அத்தனையையும் சத்தம் போட்டுக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்த ஒன்றைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கேக்கலை" என்றாள்.

மகள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். "மைக்செட் மாமா கொட்டகை மூடியிருக்க மாட்டாரு. நான் போய்க் கேக்கறேன். நீயும் வர்றியா?"

"நீ போயிட்டு வா" என்றாள் குடையக்கா. "நான் செத்தவருக்கு அழுதுதான் பழகியிருக்கேன். இருந்தாருன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

மகள் பேட்ஜைக் கையிலேயே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பார்த்துப் பிடி, ஊசி குத்தும் என்று சொல்ல வாயெடுத்த குடையக்கா, அது குத்தாது என்று நினைவு வந்து பேசாமல் இருந்துவிட்டாள்.